விடியற்காலை 4 மணி வார்டு: வாசகர் கேள்வி–பதில்

செவிலியர்களின் களைப்பு பற்றியும் அது நோயாளியை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றியும் வந்த கடிதங்களில் சில இங்கே. பணியில் இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், நோயாளிக்குத் துணையாக இருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

அப்பா ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். விடியற்காலையில் ஊசி போட வரும் சிஸ்டருக்குக் கண் செருகிக்கொண்டே இருந்தது. இது பயப்பட வேண்டிய விஷயமா, அல்லது எனக்குத்தான் மனப்பிரமையா?
– வாசகி, திருநெல்வேலி

பிரமை இல்லை. விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் உடலின் வெப்பநிலை அன்றைய நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். கவனமும் அதோடு சேர்ந்து இறங்கும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் உடம்புக்கு இது விதிவிலக்குத் தராது.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று களைப்பை மதுவோடு ஒப்பிட்டு அளந்தது. 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கை–கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03தான். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். காலை 6 மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மதியம் கண் அயராமல் இரவு 8 மணிக்கு டியூட்டி ஏறும் ஒரு சிஸ்டர் இரவு 11 மணிக்கே 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். காலை 6 மணி ஊசி போடும்போது 24 மணி நேரம் ஆகியிருக்கும்.

அமெரிக்காவில் 393 செவிலியர்களிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், பணிநேரம் பன்னிரண்டரை மணியையோ அதற்கு மேலோ எட்டும்போது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு இருந்தது. நம் ஊரில் பல மருத்துவமனைகளில் இரவு ஷிஃப்ட் 12 மணி நேரம். அதன்மேல் அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரும் எழுத்து வேலையும் சேர்ந்தால் பன்னிரண்டரை தாண்டுவது அன்றாடம் நடப்பது.

தவறு என்றதும் மருந்தை மாற்றிக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அதைவிட அதிகம் நடப்பது விடுபடுதல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நோயாளியை ஒருமுறை திருப்பாமல் விடுவது, வாய் சுத்தம் செய்யாதது, சிறுநீர் அளவைக் குறிக்காதது. அன்றைக்கு எதுவும் தெரியாது. நான்காம் நாள் முதுகின் கீழே தோல் சிவந்திருக்கும். கை சுத்தமும் இப்படித்தான்: 12 மணி நேர ஷிஃப்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் அது சராசரியாக 8.7 சதவீதப் புள்ளிகள் குறைவதாக 2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

ஐ.சி.யூ.வில் இரவு டியூட்டி பார்க்கிறேன். எல்லா வேலையிலும் ஒரே மாதிரி கவனமாக இருக்க முடியவில்லை. எதில் மட்டுமாவது தளர்ந்துவிடக் கூடாது?
– ஸ்டாஃப் நர்ஸ், கோவை

சரியான கேள்வி. எல்லாவற்றிலும் கவனம் என்பது 4 மணிக்கு நடக்காத காரியம். ஆகவே தவறினால் திருத்த முடியாத இடங்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கவனத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

முதலில் இன்சுலின். நம் நாட்டில் 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள மருந்துக் குப்பியும் (வயல்) 100 யூனிட் உள்ளதும் ஒரே ஃபிரிட்ஜில் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நோயாளி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிப்போவார். அவர் தூங்குகிறார் என்றே நீங்களும் நினைப்பீர்கள். எதிர்ப்பக்கம் மாறினால் 10-க்குப் பதில் 4 யூனிட்தான் போகும். வயலையும் அதற்குரிய சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் சேர்த்து வைப்பது செலவில்லாத தீர்வு.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் (இத்தகைய உப்புகளை அளக்கும் அலகு) இருக்கிறது. கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பிளாஸ்டிக் ஆம்ப்யூலாக வந்தால் டிஸ்டில்டு வாட்டரிலிருந்து பிரித்துப் பார்க்க, மங்கிய விளக்கில் லேபிளைப் படித்தே ஆக வேண்டும். அதனால் இரண்டும் ஒரே ட்ரேயில் இருக்கக் கூடாது. பொட்டாசியம் பூட்டிய அலமாரிக்குள் போக வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தொங்கிக்கொண்டிருக்கும் ட்ரிப்ஸ் பாட்டிலிலேயே மருந்தை ஏற்றினால் அது அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களில் அடர்த்தியாக உள்ளே போகும். பாட்டிலை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பத்துத் தடவையாவது தலைகீழாகத் திருப்பிக் கலக்கிய பிறகே மாட்டுங்கள். சாதாரண நரம்பு வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் வேண்டாம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 5 மி.லி. வயலில் மி.லி.க்கு 1000 யூனிட்டும் வருகிறது, 5000-மும் வருகிறது. மாறிப்போனால் ஐந்து மடங்கு.

இவற்றை இருவர் சரிபார்க்க வேண்டும் என்று பல மருத்துவமனைகளில் விதி இருக்கிறது. நடப்பது என்ன? “பத்து யூனிட்தானே சிஸ்டர், பாருங்க” என்று சிரிஞ்சை நீட்டுவோம். எதிரில் இருப்பவர் “ஆமா” என்பார். இது சரிபார்ப்பு ஆகாது, ஒருவருடைய தவறுக்கு இருவர் கையெழுத்து. கேஸ் ஷீட்டை மட்டும் கொடுங்கள். அவர் ஆர்டரைப் படித்து, தானே கணக்குப் போட்டு, அளவை வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு உங்கள் சிரிஞ்சைக் காட்டுங்கள்.

ட்ரிப்ஸ் சொட்டுக் கணக்கை மனதில் போடாதீர்கள். 500 மி.லி. 4 மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால், மி.லி.க்கு 20 சொட்டு வரும் செட்டில் நிமிடத்துக்கு 42. 15 சொட்டு செட்டில் 31. எந்த செட் என்பது கவரிலேயே அச்சிட்டிருக்கும். அடிக்கடி வரும் அளவுகளை ஓர் அட்டையில் எழுதி ட்ராலியில் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக மூச்சு எண்ணிக்கை. எந்த வார்டின் சார்ட்டை எடுத்தாலும் எல்லா நோயாளியும் நிமிடத்துக்கு 20 தடவைதான் மூச்சு விடுவார்கள். களைத்த கை எண்ணாமலே எழுதும் எண் அது. ஆனால் நோயாளி மோசமாவதை முதலில் காட்டுவதும் மூச்சுதான். பிரிட்டனில் பயன்படும் நியூஸ் 2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 12 முதல் 20 வரை பூஜ்யம், 21 முதல் 24 வரை 2 மதிப்பெண், 25-ம் அதற்கு மேலும் 3. எல்லா அளவுகளும் சேர்ந்து மொத்தம் 5 வந்தால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். வேறு எதை ஊகித்து எழுதினாலும், மூச்சை மட்டும் முழுதாக ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். (எதையுமே ஊகித்து எழுதக் கூடாது என்பதுதான் பாடம். பாடம் எழுதியவர் இரவில் முப்பது பேரைப் பார்த்தவராக இருக்க மாட்டார்.)

இரவு டியூட்டி முடித்து வந்தால் பகலில் தூக்கமே வருவதில்லை. மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.
– செவிலியர், திருச்சி

முதல் இரவுக்கு முந்திய மதியத்திலிருந்து தொடங்குங்கள். அன்று ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கட்டாயம் தூங்க வேண்டும். வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலோர் விடுவது.

காலையில் வெளியே வந்ததும் வெயில் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று கணக்கெடுத்துக்கொள்ளும். வீடு வரும் வரை கூலிங்கிளாஸ் போடுங்கள். (வண்டி ஓட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் கடைசிக் கேள்வியையும் படியுங்கள்.) இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் படுத்துவிடுங்கள். ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினாலே அறை இருட்டாகும். ஃபேன் சத்தம் நல்லதுதான், தெருச் சத்தத்தை அமுக்கும். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வராது, அதை எதிர்பார்த்து வருந்தவும் வேண்டாம். காலையில் நாலரை மணி நேரம், மாலையில் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்தால் ஓடிவிடும்.

கடைசி இரவு முடிந்த காலையில் மட்டும் இரண்டு மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள். அன்று இரவு சீக்கிரம் படுத்தால் உடம்பு பகல் கணக்குக்குத் திரும்பும்.

குழந்தையை யார் பார்ப்பது என்பது உங்களுக்கான கேள்வி அல்ல, வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கானது. இரவு வேலை முடிந்து வரும் மகன் தூங்கும்போது மிக்ஸி ஓடாத வீடுகளில், மருமகள் அதே நேரத்துக்கு வந்தால் “வந்துட்டியா, சாம்பாருக்குத் தாளிச்சிடு” என்பார்கள். 9 மணி முதல் 2 மணி வரை அந்த அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது என்று வீட்டாரிடம் ஒரே ஒரு விதி போடுங்கள்.

இரவில் எத்தனை காபி குடிக்கலாம்?
– நர்சிங் மாணவி, சேலம்

எத்தனை என்பதைவிட எப்போது என்று கேளுங்கள். குடித்த காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். காலை 9 மணிக்குத் தூங்க வேண்டியவர் கடைசிக் காபியை 2 மணிக்குள் முடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பெரிய டம்ளர் வேண்டாம். 10 மணிக்குப் பாதி, 1 மணிக்குப் பாதி என்று பிரியுங்கள். இரவில் பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீரையே தவிர்க்கிறவர்கள் நிறைய. அதனால் வரும் சிறுநீர்த் தொற்று அடுத்த வாரம் லீவு எடுக்க வைக்கும்.

வார்டு இன்சார்ஜ் நான். ஆள் போதாது என்று தெரிந்தும் ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல்) போட்டாக வேண்டும். இருக்கிறவர்களை வைத்து என்ன செய்யலாம்?
– இன்சார்ஜ் சிஸ்டர், மதுரை

நான்கு இடங்களில் கை வைக்கலாம். வரிசை காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும்; பின்னோக்கிச் சுழற்றினால் உடம்பு பழகுவது கடினம். இரவை ஆறு ஏழு நாள் தொடராமல் மூன்றோடு வெட்டுங்கள். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு என்பது ஐரோப்பியச் சட்டம். இங்கே மாலை டியூட்டி 8.30-க்கு முடிந்து மறுநாள் காலை 7-க்கு வரச் சொன்னால் தாளில் பத்தரை மணி நேரம் தெரியும். பஸ், சமையல், குளியல் போனால் தூக்கம் ஐந்து மணி நேரம்கூட மிஞ்சாது. மாலைக்கு அடுத்த நாள் மாலையே போடுங்கள்.

நான்காவதைத்தான் நிர்வாகம் ஏற்றுக்கொள்வதில்லை: இரவில் 20 முதல் 30 நிமிடத் தூக்கம். “டியூட்டியில் தூங்கினார்” என்று மெமோ கொடுப்பது வழக்கமாகிவிட்டதால், தூக்கம் நடக்காமல் இல்லை, நாற்காலியில் திருட்டுத்தனமாக நடக்கிறது. அப்போது நோயாளியை யாரும் பார்ப்பதில்லை. முறைப்படுத்துங்கள். 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒருவர் பின் ஒருவராக, தன் நோயாளிகளை அடுத்தவரிடம் வாயால் ஒப்படைத்துவிட்டு, வேறு அறையில், அலாரம் வைத்து. 30 நிமிடத்தைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ நேரும், தலை கனக்கும். எழுந்த முதல் 15 நிமிடம் யாரும் இன்சுலினையோ மயக்க மருந்தையோ தொட வேண்டாம். நடந்து, முகம் கழுவி, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு போன்ற வைட்டல்ஸிலிருந்து தொடங்கட்டும்.

டபுள் டியூட்டி தவிர்க்கவே முடியாத நாளில், அதைச் செய்பவரை ஐ.சி.யூ.வுக்கும் மருந்து ட்ராலிக்கும் அனுப்பாதீர்கள். ஹேண்ட் ஓவர் நர்சிங் ஸ்டேஷனில் நோட்டைப் படிப்பதாக இல்லாமல் படுக்கை அருகே நடக்கட்டும்: இப்போது எப்படி இருக்கிறார், ஏன் சேர்ந்தார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அடுத்தவர் என்ன செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டியூபையும் நோயாளியிலிருந்து பாட்டில் வரை இருவரும் கையால் தொட்டுப் பாருங்கள்.

மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வதாகப் படித்தேன். எங்கள் ஊர் மருத்துவமனையில் முப்பது பேருக்கு ஒருவர் இருக்கிறாரே?
– வாசகர், விழுப்புரம்

1:3 என்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டுக்கு. மற்ற இடங்களுக்கு 1:5. ஐ.சி.யூ.வுக்கு 1:1. ஆனால் 1:3 என்பது நாள் முழுவதற்குமான கணக்கு. மூன்று ஷிஃப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் 9 பேருக்கு ஒருவர். இதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் வைக்க வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. முதலில் வெட்டப்படுவது அந்த 30 சதவீதம்தான். ஒருவர் பிரசவ விடுப்பில் போனதும் மற்றவர்களுக்கு டபுள் டியூட்டி வருவது அதனால்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஒரு செவிலியரிடம் ஒவ்வொரு நோயாளி கூடும்போதும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது, ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு இரண்டு நோயாளிக்கு மேல் தர முடியாது.

தனியார் மருத்துவமனைகளுக்கு 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள இடங்களில் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகவும், 50 படுக்கைக்குக் கீழே உள்ள இடங்களில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தர வேண்டும் என்றும், வேலை நேரமும் விடுப்பும் அரசு மருத்துவமனை போல இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிற இடங்கள் நிறைய. சம்பளம் குறைவாக இருப்பவர்தான் இன்னொரு இடத்தில் பகல் வேலையும் பார்த்துவிட்டு இரவு டியூட்டிக்கு வருகிறார்.

அம்மாவுக்குத் துணையாக வார்டில் இருக்கப்போகிறேன். சிஸ்டருக்கு உதவியாக நான் என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

அவர் மருந்து ட்ராலியோடு நிற்கும்போது கூப்பிடாதீர்கள். சிட்னியில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், மருந்து கொடுக்கும்போது வரும் ஒவ்வொரு குறுக்கீட்டோடும் தவறு 12 சதவீதம் அளவுக்குக் கூடியது. “டாக்டர் எப்ப வருவாரு?” என்பதை அவர் ட்ராலியைத் தள்ளிவைத்த பிறகு கேட்கலாம். ஆனால் உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கும்போது “இது என்ன மருந்து சிஸ்டர்?” என்று கேட்பது குறுக்கீடு ஆகாது. அம்மாவின் பெயரையும், ஒவ்வாத மருந்து இருந்தால் அதையும் நீங்களே சொல்லுங்கள்.

ட்ரிப்ஸ் பாட்டிலில் 50 மி.லி. இருக்கும்போதே சொல்லிவிடுங்கள், தீர்ந்த பிறகு சொன்னால் ரத்தம் உறைந்து ஊசி அடைபடும், புதிதாகக் குத்த வேண்டிவரும். சொட்டு வேகத்தை மாற்றும் உருளையை நீங்கள் திருகாதீர்கள். ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் கண்ணெடுக்காமல் பாருங்கள்: குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத் திணறல் வந்தால் எந்த நேரமானாலும் உடனே கூப்பிட வேண்டும். திடீரென்று பேச்சில் குழப்பம், வேகமான மூச்சு, ஊசி போட்ட இடத்தில் வீக்கம் ஆகியவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். சிஸ்டருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று தயங்கும் நல்ல மனதுக்காரர்கள்தான் தாமதமாகக் கூப்பிடுகிறார்கள்.

களைப்பில் தவறு செய்தால் அது செவிலியரின் குற்றமா?
– வாசகர், சென்னை

2006 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிரசவத்துக்கு வந்த 16 வயதுப் பெண்ணுக்குப் பெனிசிலின் பைக்குப் பதிலாக, முதுகுத்தண்டில் செலுத்த வேண்டிய மரத்துப்போகும் மருந்துப் பை நரம்பில் ஏற்றப்பட்டது. குழந்தை பிழைத்தது, தாய் இறந்தார். அந்தச் செவிலியர் முந்தைய நாள் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்து, மருத்துவமனையிலேயே சில மணி நேரம் தூங்கி, காலையில் மறுபடி டியூட்டி ஏறியவர். அவர்மேல் கிரிமினல் வழக்கு வந்தது. கடைசியில் சிறு குற்றங்களாகக் குறைத்து முடித்தார்கள்.

அவர் லேபிளைப் படிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தண்டித்ததால் அடுத்த வார்டு பத்திரமாகிவிடவில்லை. இரண்டு மருந்தின் குழாயும் ஒரே இணைப்பில் பொருந்தியதும், அத்தனை மணி நேரம் ஒருவரை வேலை செய்ய விட்டதும் அப்படியே இருந்தன. முதுகுத்தண்டு மருந்துக் குழாய் நரம்பு ஊசியில் பொருந்தாதபடி தனி இணைப்புக்கான சர்வதேசத் தரம் 2016-ல்தான் வந்தது. இந்தியாவில் இன்னும் பழைய இணைப்பே பரவலாக இருப்பதால், அந்தக் குழாயில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவதையாவது செய்யலாம்.

குடித்துவிட்டு வருவதும், தவறை மறைக்கச் சார்ட்டைத் திருத்துவதும் குற்றம். பதினாறாவது மணி நேரத்தில் கண் மங்குவதற்கு ரோஸ்டரில் கையெழுத்துப் போட்டவரும் பதில் சொல்ல வேண்டும். மயிரிழையில் தப்பிய தவறுகளைப் பெயர் எழுதாமல் போட ஒரு பெட்டி வைத்து, மாதம் ஒருமுறை எந்த மணி, எத்தனையாவது இரவு என்று பிரித்துப் பாருங்கள். எந்த ஷிஃப்ட் உடைந்திருக்கிறது என்று அந்தத் தாள்களிலேயே தெரியும்.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஊசி கையில் குத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம்

இன்றே சொல்லுங்கள். குத்திய இடத்தை அழுத்திப் பிழியாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், ஸ்பிரிட் தேவையில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும். நோயாளிக்கும் உங்களுக்கும் ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விவரம் இரண்டும் பார்க்க வேண்டும். இனி ஊசிக்கு மூடியை மறுபடி மாட்டாதீர்கள். ஊசியை வெட்டும் கருவியான ஹப் கட்டரைப் படுக்கைக்கு அருகே கொண்டுபோய் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

இரவு டியூட்டி முடிந்து 18 கிலோமீட்டர் ஸ்கூட்டியில் போகிறேன். பாதி வழி எப்படி வந்தேன் என்றே நினைவில்லை.
– செவிலியர், ஈரோடு

பாதி வழி நினைவில்லை என்றால், கண் திறந்தபடியே சில நொடிகள் தூங்கியிருக்க வாய்ப்பிருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி என்பது 33 மீட்டர். பாட்டுக் கேட்பதோ முகத்தில் காற்றுப் படுவதோ இதைத் தடுக்காது. கிளம்பும் முன் டிரெஸ்ஸிங் ரூமில் 20 நிமிடம் தூங்கி, எழுந்து 15 நிமிடம் கழித்து வண்டி எடுங்கள், கூலிங்கிளாஸ் வேண்டாம். மூன்றாவது இரவு முடிந்த காலையில் ஸ்கூட்டியை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள், நடத்துனரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லிவிட்டு.